திருமலைச்சாமியின் சௌசௌப் பந்தல்

அடுக்கம் மலைக்கிராமத்தில் காய்க்கிற ஒவ்வொரு சௌசௌவும் திருமலைச்சாமியின் முயற்சியால்தான் காய்க்கிறது. மழை, மண், தேனீ எல்லாம் சும்மா கூட வந்து நிற்கிறவர்கள். தேனீக்களைக் காப்பது பற்றிப் பஞ்சாயத்து ஆபீசில் நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில், அவரே மைக்கைப் பிடித்து இதைத் தெரிவித்தார். யாரும் மறுக்கவில்லை. டீ வருகிற நேரம்.

"தேனீ இல்லாட்டி காய் இல்லைங்கிறீங்க. அந்தத் தேனீக்கு இங்கன பட்டா இருக்குதாங்க?" என்று அவர் கேட்டதற்குக் கைதட்டலும் கிடைத்தது.

மறுநாள் காலை, பூ விரிந்த நேரத்தில், பந்தல் முழுக்க மருந்து அடித்தார். சாயங்காலம் அடித்தால் தேனீ தப்பிக்கும் என்று கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் அவருக்கு வேறு சோலி இருந்தது.

மத்தியானம் அவர் மனைவி ஜோதிமணி பந்தலுக்குள் போனாள். பாதத்தில் சுருக்கென்றது. குனிந்து பார்த்தால் தரையெல்லாம் தேனீக்கள் செத்துக் கிடந்தன. கீழ்ப்பக்கத் தோட்டங்களில் தேனீ வராமல் போய் மூன்று வருஷமாகிறது. மேலே சோலைமரப் பொந்துகளில் மிச்சமிருந்தவை இவைதான்.

"செத்த பொறவும் கொட்டுதுங்க" என்றாள், வெளியே நின்ற கணவரிடம்.

"பாத்தியா? இதுக்குத்தான் மருந்து அடிச்சேன்."

அடுத்த இரண்டு வாரமும் பூத்தது. பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்தது. பந்தலுக்குள் ஒரு சத்தமில்லை. நிலத்தில் பாதிக்கு உரிமையுள்ள அண்ணன் நல்லுசாமி வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இந்த மாசத்துக்குள்ள பிஞ்சு நிக்கலேன்னா பந்தலப் பிரிச்சிரு, தம்பி. டூரிஸ்ட்டுக்குக் கூடாரம் போட எடம் கேக்குறாங்க."

கோபமே இல்லாமல் சொன்னார்.

மறுநாள் வெள்ளனே ஜோதிமணி முக்காலி போட்டு ஏறினாள். ஆண் பூ ஒன்றைக் கிள்ளி, பிஞ்சோடு நிற்கும் பெண் பூ ஒவ்வொன்றிலும் தொட்டுத் தொட்டு எடுத்தாள்.

திருமலைச்சாமி டீ டம்ளரோடு வந்தார். "என்ன புள்ள, பூவுக்குக் கல்யாணமா? மேளத்துக்குச் சொல்லிவிடட்டா?"

"நீங்க கொன்ன ஈயோட சோலியத்தான் பாக்குறேன். வெரசா குடிச்சிட்டு டம்ளர வச்சிட்டுப் போங்க."

அதை அவர் டீக்கடையில் நடித்தே காட்டினார். ரீங்காரம் வேறு. கடையே சிரித்தது.

தினமும் அவளால் அதே இரண்டு வரிசைதான் முடிந்தது. எட்டாம் நாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் படுத்துவிட்டாள். அன்றுதான் அவர் பந்தலை நிமிர்ந்து பார்த்தார். அவள் தொட்ட இரண்டு வரிசையிலும் பிஞ்சுகள் கட்டைவிரல் பருமனில் பச்சையாய் நின்றன. மூன்றாவதிலிருந்து எல்லாம் மஞ்சள். மொத்தம் நாற்பது வரிசை. உச்சி வெயிலுக்குள் பூ வாடிவிடும்.

ரோட்டைப் பார்த்தார். யாருமில்லை. முக்காலியை மூன்றாம் வரிசைக்கு நகர்த்தி ஏறினார். தடித்த விரல், முதல் பூ நசுங்கியது. இரண்டாவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டார்.

வளைவில் ஜீப் சத்தம் கேட்டதும் இறங்கி, பந்தல் கம்பியைச் சரிபார்க்கிற மாதிரி நின்றார். ஜீப் போனதும் மறுபடி ஏறினார்.