மெயினைப் போடும் முன்

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

மின் அறைத் தரையிலிருந்த சுரங்கத் திறப்பில் தலையை நீட்டிக் கூப்பிட்டார் இடிமுழக்கம். கல்லூரி எலக்ட்ரீஷியனுக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. அவர் ஒருமுறை தும்மியதில் நூலகத்துக் கரையான்கள் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்தன. மெயின் சுவிட்சில் கை வைக்கும் முன் ஒரு குரல் கொடுப்பார். பதில் வந்தால் தொடவே மாட்டார்.

இடிக்க வந்தவர்களுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. தலைமுறை தலைமுறையாக வகுப்பு நடந்த பழைய கட்டடத்தை, குரல் கொடுக்காமலே, காப்பி ஆறுவதற்குள் தரைமட்டமாக்கிவிட்டுப் போனார்கள். இப்போது அங்கே புல்வெளி; அடியில் குழாயும் கேபிளும் ஓடும் சுரங்கம். புல் அப்படியொரு பச்சை. பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தால் கைக்குட்டையில் ஒட்டும்.

புல்வெளி ஓரத்தில் கல்லூரி முதல்வர் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தார். இடிமுழக்கம் மெயினைப் போட்டால்தான் அங்கே நீரூற்று எழும். கேபிளைச் சரிபார்க்கச் சுரங்கத்துக்குள் போயிருந்தது இவருடைய மனைவியின் தம்பி மட்டும்தான்.

"உள்ளேன் ஐயா" என்று கீழிருந்து பதில் வந்தது.

"விளையாடாம மேல வாடா மாப்ளே! உன்னக் கருக்கிட்டு உங்கக்கா கையால நான் எப்படிச் சோறு தின்பேன்?"

"நான் எப்பவோ வந்துட்டேனே மாமா."

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

கீழே இன்னொரு குரல், "உள்ளேன் ஐயா." அடுத்து ஒரு கீச்சுக்குரல். அடுத்து ஒரு கட்டைக்குரல். முன் பெஞ்சிலிருந்து பின் பெஞ்சுக்குப் போவதுபோல் ஒவ்வொன்றாக, சுரங்கத்தின் ஆழத்துக்குள் நகர்ந்துகொண்டே போயின.

மேற்பார்வையாளர் வாசலில் வந்து கத்தினார். "யோவ், போடுய்யா! இன்னைக்கு ஓடலைன்னா நாளைக்கு நீ வேலைக்கே வர வேண்டாம்!"

"உள்ள ஆள் இருக்காங்க சார்."

"எத்தன பேரு?"

இடிமுழக்கம் காதைத் தீட்டிக் கேட்டார்.

"இன்னும் முடியல சார்."

அந்தப் பெருங்குரல் காற்றுப் போன பலூனாகிவிட்டது. சுவிட்சுக்குத் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்தார். கீழே கடைசிக் குரல் ஒன்று, தாமதமாக ஓடி வந்தவனைப்போல் மூச்சிரைக்க, "உள்ளேன் ஐயா" என்றது.

முதல்வர் பொறுமையிழந்து பொத்தானை அழுத்தினார். நீரூற்று எழவில்லை. யாரும் கைதட்டவில்லை. காற்றும் இல்லை. ஆனால் புல்வெளியில், முன்னாலிருந்து பின்னால்வரை, வரிசை வரிசையாகப் புல் தாழ்ந்தது. உட்காரச் சொன்னதும் ஒரு வகுப்பு உட்காருமே, அப்படி.