சார்ஜுக்கு வந்த போன்கள்

தெருவில் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவள் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தாள். வாய் வலித்ததும் விட்டுவிட்டாள்.

மொட்டை மாடியில் சோலார் பேனல் வைத்தது தம்பி. வைத்த கையோடு வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டான். பகலெல்லாம் பேனலில் வெயில் கொட்டியது; அந்த மின்சாரத்தைச் செலவழிக்க வீட்டில் ஆளில்லை. அவள் வேலை முடிந்து வரும்போது வெயிலும் போயிருக்கும், தெருவில் கரண்டும் போயிருக்கும்.

பழைய இரும்புக் கடையில் விபத்தில் நசுங்கிய மின்சார ஸ்கூட்டர்களின் பேட்டரிகள் கிடந்தன. பிரித்தால் உள்ளே செங்கல் மாதிரி செல்கள். பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேர்த்து வைக்க அவற்றை வாங்கி வந்தாள்.

"ரெடிமேடா வாங்கிக்கோயேன் அக்கா. எதுக்கு இந்த வம்பு?" என்றான் தம்பி போனில்.

"பொழுது போகணும்ல."

"சரி, பாத்துச் செய்," என்றான்.

தம்பியின் அறையில் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். ஒவ்வொரு செல்லையும் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, முழுக்க இறக்கி, எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்தாள். வயிறு உப்பியவற்றைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தாள். ஏறக்குறைய ஒரே அளவு தாங்கியவற்றை மட்டும் சேர்த்து, செப்புப் பட்டை வைத்து முடுக்கினாள். அதிகம் ஏறாமலும் அதிகம் இறங்காமலும் பார்த்துக்கொள்ள ஒரு சின்ன மின்சுற்றுப் பலகை, ஒரு ஃபியூஸ், கடைசியில் இன்வெர்ட்டர். ஒருமுறை ஸ்பேனர் வழுக்கி இரண்டு முனைகளைத் தொட்டுவிட்டது. படீரென்று பொறி பறந்தது. "அம்மாடி," என்று கத்தினாள். யாரும் என்னவென்று கேட்கவில்லை. கேட்க யாரும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

எல்லாம் முடிந்த பிறகு, முதல் முறை கரண்ட் போனபோது அவள் வீட்டில் மட்டும் விளக்கு நின்று எரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. வழக்கம்போல நாற்காலியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இருட்டில் தெருவே வெளியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது.

"நீங்க ஏன் டீச்சர் வெளிய வந்து கொசுக்கடி வாங்குறீங்க? உங்களுக்கென்ன, ஃபேன் ஓடுது," என்றாள் எதிர்வீட்டு அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாளிலிருந்து போன்கள் வரத் தொடங்கின. "இத மட்டும் கொஞ்சம் சார்ஜ் போட்டுடுங்க டீச்சர்." போனை நீட்டிவிட்டு நிற்காமல் போய்விடுவார்கள். சாப்பாட்டு மேஜை நிறைய அடுத்தவர் போன்கள். அவள் ஓரமாகத் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். அவை ஒவ்வொன்றாக அடிக்கும். திரையில் மாமா, சின்ன மருமகள், பாப்பா.

ஒருநாள் எதிர்வீட்டு அக்காவின் போன் விடாமல் அடித்தது. 'அண்ணன்' என்று வந்தது. எடுத்துக்கொண்டு ஓடினாள், எதிர்வீடு பூட்டியிருந்தது. மறுபடி அடிக்கவே எடுத்துவிட்டாள்.

"நான் எதிர்வீடு. அக்கா வெளிய போயிருக்காங்க. போன் எங்க வீட்ல சார்ஜுல இருந்துச்சு."

"அங்க கரண்ட் இல்லன்னாளே?"

"எங்க வீட்ல மட்டும் இருக்கு. நானே பேட்டரி செஞ்சேன்."

"நீங்களாவா? எப்படிம்மா?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. அவர் லாரி ஓட்டுநர். சரக்கு இறக்கக் காத்திருக்கிறாராம். உப்பிய செல், செப்புப் பட்டை, பறந்த பொறி எல்லாவற்றையும் சொன்னாள். "ஐயோ, கைல படலியே?" என்றார் அவர். இல்லை என்றபடி அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சரிம்மா, வண்டிய எடுக்கச் சொல்றாங்க," என்று வைத்துவிட்டார்.

கரண்ட் வந்தது. ஒவ்வொருவராக வந்து போனை எடுத்துப் போனார்கள்.

"உங்க அண்ணன் பேசினாருக்கா."

"என்னவாம்?"

"பேட்டரி பத்திக் கேட்டுட்டிருந்தார்."

"அவனுக்கு வேற வேலையில்ல," என்று சிரித்தபடி அக்கா தெருவைக் கடந்தாள். மேஜையில் இவளுடைய சொந்த போன் மட்டும் கிடந்தது. தம்பியை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.