காயாத கழலை

பத்து நாள் கழித்துப் மரப்பட்டறைக்குள் காலடி வைத்த, மரம் கடைவதால் கடைசல் அக்கா என்றே பேர் வாங்கியவளின் கண்ணில் முதலில் பட்டது, மாடிப்படிக்கு அடியில் இருந்த வெற்றிடம்தான். மகளின் பிரசவத்துக்குப் போனபோது அங்கே ஒரு மரக்கழலை, மரத்தில் கட்டிபோலப் புடைத்து வளரும் முண்டு, இருந்தது. இப்போது அதை மூடியிருந்த சாக்கு மட்டும் மடித்துக் கிடந்தது.

"அண்ணே, என் கழலை எங்கே?"

பட்டறை முதலாளியான அண்ணன் அளவுநாடாவிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அறுத்தாச்சு. விடுதிக்காரர் பன்னிரண்டு சுவர்க்கடிகாரம் கேட்டாரு. பலகையா அறுத்து உள்ளே சுழி சுழியா இருந்ததைக் காட்டினதும் மனுஷன் அசந்துட்டாரு. சும்மா தூங்கிட்டிருந்ததைப் பிரயோஜனப்படுத்தினேன், அவ்வளவுதான்."

அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

சாலையை அகலப்படுத்த வெட்டிய தூங்குமூஞ்சி மரத்தின் அடியில், பெரிய பானையைக் கவிழ்த்தது போலப் புடைத்திருந்தது அது. "கோடாலியே இறங்க மாட்டேங்குது, அடுப்புக்குக்கூட ஆகாதும்மா" என்று வெட்டுகிறவர்கள் சாக்கடையோரம் உருட்டிவிட்டிருந்தார்கள். தள்ளுவண்டி பிடித்துக் கொண்டுவந்து, வெட்டுவாயில் மெழுகு பூசி, பதினான்கு மாதம் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள். மாதாமாதம் தராசில் ஏற்றி எடையைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதினாள். எடை இறங்குவது நின்றால்தான் உள்ஈரம் போனதாக அர்த்தம். அது இன்னும் நிற்கவில்லை. நின்றதும் ஒரே ஒரு பெரிய கிண்ணம் கடையவேண்டும். முப்பது வருடக் கைவேலையில் தனக்கென்று அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

"சுவர்ல எழுதி வெச்சிருக்கேனே, கண்ணு தெரியலையா? ஈரம் காயலை. வெடிக்கும்!"

"மரத்துக்காக இப்படிக் குதிக்கிறியே."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா? அதைச் சொல்லு முதல்ல."

அவன் ரம்பத்தை ஓடவிட்டான். அந்தச் சத்தத்தில் அவள் குரல் அமுங்கிப் போயிற்று.

இரண்டு மாதத்தில் விடுதிக்காரர் ஒரு பெட்டியுடன் வந்து நின்றார். கடிகாரங்களை மேசையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் நடுவிலிருந்து விளிம்பு வரை வாய் பிளந்திருந்தது. ஒன்றில் விரலையே விடலாம்.

அண்ணன் ஒரு கடிகாரத்தை எடுத்துப் புரட்டினான். "இது தங்கச்சி பார்த்துவெச்ச மரம், சார். காஞ்சிடுச்சுன்னு நம்பிட்டேன். அவளுக்குப் பதம் பார்க்கத் தெரியலை போல."

அவள் கையிலிருந்த உளி தரையில் விழுந்தது.

"இங்க வாங்க சார்!" விடுதிக்காரரைச் சுவர்ப் பக்கம் இழுக்காத குறையாக அழைத்துப்போனாள். "இது இவர் அறுத்ததுக்கு முந்தின மாச எடை. அதுக்கு முந்தினது இது. இறங்கிட்டே வருதா? பச்சை மரம்னு சின்னக் குழந்தைக்கும் புரியும். நான் ஊர்ல இல்லாத நேரம் பார்த்து அறுத்துட்டு, இப்ப பழியை என் தலையில கட்டுறாரு!"

விடுதிக்காரர் சங்கடத்தோடு பெட்டியைப் பார்த்தார். "அப்ப இதை எறிஞ்சிட வேண்டியதுதானாம்மா?"

"எறியாதீங்க. என்கிட்ட விட்டுட்டுப் போங்க. ஆறு மாசம் முழுசாக் காயட்டும். அப்புறம் எதுக்கு ஆகும்னு பார்த்துச் சொல்றேன். யாரும் கை வைக்கக்கூடாது."

அன்று மாலையே கடைசல் இயந்திரத்தின் அடி ஆணிகளைக் கழற்ற ஆரம்பித்தாள். அது அவள் சொந்தத்தில் வாங்கியது.

"குடும்பத் தொழிலை இப்படி ரெண்டாக்குறியே" என்றான் அண்ணன்.

"அறுத்தது நானில்லையே."

இயந்திரம் இரும்புக் கனம். ஒற்றை ஆளாக அசைக்க முடியவில்லை. அவன் வந்து மறுமுனையைப் பிடித்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவுமில்லை, முகம் கொடுக்கவுமில்லை. தன் வீட்டுப் பின்கொட்டகையில் இறக்கியதும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, அகலமாக எதுவும் தேறாது என்று தெரிந்தது. வெடிப்புக்கும் வெடிப்புக்கும் நடுவே கெட்டியாக இருந்த துண்டுகளைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக அறுத்தெடுத்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் கதவுக் குமிழ்களாகக் கடைந்தாள். முப்பத்தொன்று தேறின. எண்ணெய் போட்டதும் ஒவ்வொன்றிலும் சுழிகள் தேன் நிறத்தில் எழும்பி வந்தன. விடுதிக்காரர் முப்பது அறைக் கதவுக்கும் அவற்றையே மாட்டினார். வருகிறவர்கள் கதவைத் திறக்காமல் குமிழைத் தடவிக்கொண்டு நிற்கிறார்களாம்.

மீதியிருந்த ஒரு குமிழை அண்ணன் கொட்டகைக்கு வந்து கையில் எடுத்துப் பார்த்தான். "கடைசில நல்லாத்தானே முடிஞ்சுது?"

"நல்லா முடிஞ்சதுக்கு நீ காரணமில்லை. என் கிண்ணம் போனது போனதுதான். பெருமை பேச வந்தியா?"

அவன் குமிழை மெல்லக் கீழே வைத்தான். "கேட்காம அறுத்தது தப்பு. பழியை உன்மேல போட்டது அதைவிடப் பெரிய தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன். வாய் வேற எதையோ பேசிடுச்சு."

அவளுக்கு நெஞ்சுக்குள் அனல் அப்படியேதான் இருந்தது.

"கேட்டுக்கிட்டேன். ஆனா எனக்கு இன்னும் ஆறலைண்ணே" என்றாள். "ஆறும்போது நானே வரேன்."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அவள் அடுத்த கட்டையை இயந்திரத்தில் மாட்டினாள்.