கலைத்தது யார்?

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என்னைப் பெற்றவளே சொல்வாள். சொல்லட்டும். இன்று காலை அந்தக் கண்காணிப்புக் கோபுரத்தில் நின்றிருந்தால் பூமாதேவிக்கும் பொறுமை போயிருக்கும்.

கடலோரத்தில் வலசைப் பறவைகளை எண்ணும் நிலையம் எங்களுடையது. வருடத்தில் ஒரு நாள், கடல் முழுசாக ஏறி நிற்கும் நேரத்தில் எண்ணுவதுதான் செல்லும். சேற்றுவெளி முழுக்க முங்கிப்போய், உள்ளான் குருவிகளெல்லாம் மிச்சமிருக்கும் ஒரே மணல்மேட்டில் நெருக்கியடித்து உட்காரும். ஐயாயிரத்துக்குக் குறைந்தால், துறைமுகக் கம்பெனி அந்தச் சேற்றில் மண்ணைக் கொட்டி மூடிக்கொள்ளலாம். வெளியாள் கலைத்துவிட்டால் மறுநாள் திரும்ப எண்ணலாம். எண்ணுகிறவர்களே கலைத்தால் அதுவரை எண்ணினதுதான் கணக்கு.

என்னோடு எண்ணுகிறவரை சோடாபுட்டி என்போம். கண்ணாடி அவ்வளவு தடிமன். ஆனால் தொலைநோக்கியில் கண்ணை வைத்தால் ஒரு குஞ்சு தப்பாது. அவர் இரண்டாயிரத்தைத் தாண்டும்போதுதான் வானத்தில் அந்த ரீங்காரம் கேட்டது.

ட்ரோன். கம்பெனிக்காக அதை ஓட்டுவது யார் தெரியுமா? என் தங்கச்சி புருஷன்! நேற்று ராத்திரிதான் கெஞ்சினேன், "நாளைக்கு மட்டும் வேணாம் மாப்பிள்ளை" என்று. என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே மண்டையை மண்டையை ஆட்டினார். உண்ட வீட்டுக்கு இரண்டகம்!

"எறங்காதீங்கம்மா. இன்னும் உக்காந்துதான் இருக்கு," என்றார் சோடாபுட்டி.

யார் கேட்டது? குடையைத் தூக்கிக்கொண்டு கரையோரமாக ஓடினேன்.

"மாப்பிள்ளை! உங்களுக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? எறக்குங்க அந்தச் சனியனை!"

அவர் ஏற்கெனவே இறக்கியிருந்தார். அது அவர் காலடியில் ஓசையில்லாமல் கிடந்தது.

"உங்களைப் பாத்ததுமே எறக்கிட்டேன்க்கா. இந்த நேரத்துக்குத்தான் விடணும்னு கம்பெனில சொல்லிட்டாங்க. மனசு கேக்கல. கத்தாதீங்கக்கா, பறவை..."

"மனசாம் மனசு!" என்று குடையை ஓங்கினேன்.

முதுகுக்குப் பின்னால் குப்பென்று ஓர் இரைச்சல். திரும்பிப் பார்த்தேன். மணல்மேடு மொத்தமாக எழுந்து கடல்மேல் போய்க்கொண்டிருந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை. அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்!

கணக்கைச் சரிபார்க்க வந்து, நிலைய வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்த அரசு அதிகாரி மூச்சு வாங்க ஓடி வந்தார். அவர் எதையும் பார்த்திருக்கவில்லை.

"யாரு கலைச்சது?"

'நான்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் இரண்டாயிரத்துச் சொச்சம்தான் கணக்கு. அடுத்த வருடம் அவை வந்து இறங்க இங்கே சேறே இருக்காது.

"ட்ரோன்," என்றேன்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். ஒரு வருடம் சும்மா இருந்து, அலைந்து திரிந்து வாங்கிய வேலை அது. இல்லையென்று சொல்லித் தொலைய வேண்டியதுதானே? வாயில் என்ன பூட்டா? அவர் மேல் எனக்கு அப்போதும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"ஆமா சார். நான்தான்," என்றார்.

"உங்க லைசென்ஸைக் குடுங்க. இனிமே நீங்க எங்கயும் பறக்க விட முடியாது," என்றார் அதிகாரி. பிறகு என்னிடம், "நீங்க நாளைக்குத் திரும்ப எண்ணுங்கம்மா," என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மாப்பிள்ளை குனிந்து ட்ரோனைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"வேலை போயிடுச்சுன்னு உங்க தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்கக்கா," என்றார். "இன்னொரு தடவை என்னால பொய் சொல்ல முடியாது."

பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். என் கோபம் அப்படியே இருந்தது. திட்டத்தான் ஆள் இல்லை.