வைக்கோல் தின்ற வெள்ளையன்

சீனிக்குத் தாலி கட்டிய பெண்டாட்டி ஒருத்தி, வண்டியில் பூட்டிய பெண்டாட்டிகள் இரண்டு. இப்படிச் சொன்னதே தாலி கட்டிக்கொண்ட முத்தம்மாதான். அதிலும் வெள்ளையன் என்கிற காளையைச் சக்களத்தி என்றுதான் கூப்பிடுவாள். காளைக்குப் போய் அந்தப் பட்டமா என்று கேட்டால், கேட்டவருக்கும் ஒரு பட்டம் கிடைக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம், பொங்கலுக்கு முதல் நாள் சீனியும் முத்தம்மாவும் ஈப்போ பட்டணத்துக்கு வண்டி கட்டினார்கள். தாவூத் கடையில் முத்தம்மாவுக்குப் பச்சைப் புடவை எடுத்தார்கள். திரும்பும்போது ரயிலடியில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆசிட்டை ஏற்றிக்கொண்டார்கள். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் அது. பெரிய கண்ணாடிக் குடுவைகள் இரண்டு, பிரம்புக் கூடைக்குள் வைக்கோல் திணித்து வந்திருந்தன. அதன் நெடியே கண்ணைக் கரிக்கும். மேலே பட்டால் தோல் வெந்துபோகும்.

பாதி வழியில், ஓடைப் பாலத்தருகே, சீனி மாடுகளை அவிழ்த்தான். வழக்கம்போல வண்டியின் பின்புறத்திலேயே கட்டிவிட்டு மரத்தடியில் காலை நீட்டினான். எப்போதும் அங்கே கிடப்பது மாட்டுக்கான வைக்கோல். அன்றைக்குக் கிடந்தது குடுவைக்கான வைக்கோல். சீனிக்கே அது தோன்றவில்லை, வெள்ளையனைக் குறை சொல்லி என்ன? அதுவும் பாரிட் புந்தார் வயல் வைக்கோல், மணக்க மணக்க இருந்தது. காளை கூடைக்குள் வாயை விட்டு இழுத்தது. குடுவை சாய்ந்து மூடி தெறித்தது.

காளை கதறிய கதறலில் சீனி ஓடிவந்து துண்டால் அதன் வலக்கண்ணைத் துடைக்கப் போனான். முத்தம்மா துண்டைப் பிடுங்கி எறிந்தாள். தோட்டத்தில் பால் உறைய வைக்கும் ஸ்டோரில் தினமும் ஆசிட் கலக்குகிறவள் அவள்.

"தொடைக்காதே. தண்ணி ஊத்தணும், ஊத்திக்கிட்டே இருக்கணும்."

நெடி வராத பக்கமாக இழுத்துப்போய்க் காளையை ஓடையில் இறக்கினார்கள். சீனி மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். கண் போனால் காளை கசாப்புக்குத்தான் போகும். முத்தம்மா வாளியால் மொண்டு மொண்டு ஊற்றினாள். போதும் என்று அவன் சொல்லியும் விடவில்லை, கை மரத்துப்போகும் வரை ஊற்றினாள். பிறகு சீனி மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வண்டியைக் கழுவினான். சிந்திய இடத்தில் மண்ணைக் கொட்டி, பின்னால் வந்த வண்டிகளைத் தூரத்திலேயே நிறுத்தினான்.

இன்னொரு குடுவை தப்பியிருந்தது, ஆனால் அதன் வைக்கோலை மற்றக் காளை தின்று தீர்த்திருந்தது. முத்தம்மா புதுப் புடவையைப் பிரித்துக் குடுவையைச் சுற்றி அடைத்தாள். வெள்ளையன் இடத்தில் சீனியே நுகத்துக்குத் தோள் கொடுத்தான். ஒரு பக்கம் காளையும் மறு பக்கம் புருஷனுமாக வண்டி தோட்டத்துக்குள் வந்தபோது நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமல்ல. பின்னால் நடந்து வந்த வெள்ளையனின் வீங்கிய கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிப்போனது.

மாட்டுப் பொங்கலன்று காலையில் வீக்கம் வடிந்து கண் திறந்தது. பார்வை இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கச் சீனிக்குத் தைரியமில்லை, தள்ளியே நின்றான். முத்தம்மா அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, சத்தம் காட்டாமல் காளையின் வலப்பக்கம் போய் நின்றாள். முந்தானையில் வைக்கோல் தும்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளையன் தலையைத் திருப்பியது. குறி தவறாமல் தும்பைக் கவ்வியது, முந்தானையோடு.

"சக்களத்திக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுலா," என்றாள் முத்தம்மா. உடனே அழுதுவிட்டாள்.

காளை முந்தானையை அசைபோட்டுக்கொண்டே இருந்தது. அவள் இழுக்கவில்லை.