மணிக்கூண்டில் குலுங்கிய இடுப்புப்பட்டை

வெள்ளி, அக்டோபர் 17. இன்றைய தவறு: நடன வகுப்பிலிருந்து கிளம்பும்போது இடுப்புப்பட்டையைக் கழற்ற மறந்துவிட்டேன்.

அவ்வளவுதான் எழுதினாள் பிரையனி. எழுதியதைப் படித்துப் பார்த்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் முகம் காதுவரை சுட்டது.

மாலை வகுப்புக்குப் போய்வந்ததும், அன்று எங்கே கால் பிசகியது, எந்தத் திருப்பத்தில் இடுப்பு பின்தங்கியது என்று ஒன்றுவிடாமல் எழுதிவைப்பது அவள் பழக்கம். எதைச் செய்தாலும் சரியாகத்தான் செய்தோமா என்று குமைகிறவளுக்கு அது ஒரு பிடிமானம்.

இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி ஊருக்கு வேலைக்கு வந்த புதிதில் அவளுக்குப் பேச்சுத்துணை கிடையாது. பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் பேசுவதெல்லாம் பேச்சில் சேருமா? தேவாலயத்தில் மணியடிக்க ஆள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்து மணிக்கூண்டு ஏறினாள். பிறகு ஒருநாள் வைல் காப் தெரு ஏற்றத்தில் இருக்கும் கம்பளிநூல் கடைக்குப் போனாள். கடைக்காரர் கிளெனிஸ், நூல் வாங்க வந்தவளை அப்படியே பெல்லி டான்ஸ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனார். கிளெனிஸுக்கு அறுபது வயது, பெருத்த உடம்பு, ஓயாமல் வலிக்கும் முழங்கால். ஆனால் இடுப்பை அசைக்கத் தொடங்கினால் வகுப்பே வாய்பிளந்து பார்க்கும். பின்வரிசையில் ஒளிந்து நின்ற பிரையனிக்குத் தன் கையாலேயே பித்தளைக் காசுகளைத் தைத்து ஓர் இடுப்புப்பட்டை செய்து கொடுத்தவரும் அவர்தான்.

"சத்தம் வந்தாத்தான் கண்ணு, நீ ஆடுறியா நிக்கிறியான்னு உனக்கே தெரியும்," என்று இறுக்கிக் கட்டிவிட்டார். அந்த ஊரில் பிரையனிக்கு வாய்த்த ஒரே சிநேகிதி.

மணிக்கூண்டில் இதையெல்லாம் அவள் மூச்சுவிடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஏன் தாமதம் என்று கேட்டபோது, கணக்கு எழுதக் கற்றுக்கொள்ளும் வகுப்பு என்று சொல்லிவைத்திருந்தாள்.

இன்று வகுப்பு நீண்டுவிட்டது. மேல்கோட்டை மாட்டிக்கொண்டு சந்துகளின் வழியே ஓடினாள். சுழல்படி ஏறி மூச்சுவாங்க அவள் நுழைந்தபோது எல்லோரும் வட்டமாகக் கயிற்றைப் பிடித்து நின்றார்கள்.

"வா வா, மூணாவது கயிறு காலியா இருக்கு," என்றார் மணியடிப்பவர்களின் தலைவர் டெஸ்மண்ட். அவள் அப்படியே போய்ப் பிடித்தாள். முதல் மணி ஒலித்தது, இரண்டாவது ஒலித்தது. அவள் இழுத்தபோது மேலே மணி ஒலித்த கையோடு கீழே ஜல்லென்று ஒரு சத்தம். அடுத்த சுற்றிலும் ஜல்.

"நிறுத்துங்க!" என்றார் டெஸ்மண்ட்.

"யாருப்பா அது, கிறிஸ்துமஸ் தாத்தாவோட சலங்கை கட்டின கலைமானை மேல கூட்டிட்டு வந்தது?" என்றாள் ரோஸலிண்ட். மருந்துக்கடையில் இருப்பவள். கேலிக்கு அவளை விட்டால் அங்கே ஆளில்லை.

டெஸ்மண்டின் பார்வை பிரையனியின் கோட்டில் வந்து நின்றது. "கோட்டோட கயிறு பிடிக்காதேன்னு எத்தனை தடவ சொல்றது? எங்கயாவது மாட்டிச்சுன்னா உன்னையும் சேத்துக் கூரைக்குத் தூக்கிட்டுப் போயிரும். கழட்டும்மா."

கழற்றினாள். விளக்கு வெளிச்சத்தில் இடுப்பைச் சுற்றிக் காசுகள் மின்னின.

"ஓ, இதான் கணக்கு வகுப்பா?" ரோஸலிண்ட் தன் இடுப்பை ஒரு பக்கம் தள்ளிக் காட்டினாள். "வரவு இந்தப் பக்கம், செலவு அந்தப் பக்கமா?"

"என்னுது இல்ல." பிரையனியின் வாய் தானாக ஓடியது. "கம்பளிக்கடை கிளெனிஸோடது. காசு அறுந்துபோச்சு, தைச்சுக் குடுன்னாங்க. பையில வச்சா சிக்கிக்கும்னு கட்டிட்டு வந்தேன்."

"கிளெனிஸா? அந்த உடம்ப வச்சுக்கிட்டா ஆடுறாங்க?" என்றாள் ரோஸலிண்ட்.

"முதல் வரிசையில வேற நிப்பாங்க. அவங்க ஒரு சுத்து சுத்தினா டீ பாய்லர் மூடி கழண்டு விழும்."

கூண்டே சிரித்தது. டெஸ்மண்ட்கூட மீசைக்குள் சிரித்தார். அங்கே அவள் பேச்சுக்கு யாரும் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பு அவளுக்கு இனித்தது. இன்னொன்று சொல்லலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. அப்போது படிவாசலைப் பார்த்து நின்ற ரோஸலிண்டின் சிரிப்பு சட்டென்று அறுந்தது.

வாசலில் கிளெனிஸ் சுவரைப் பிடித்தபடி நின்றார். அந்த முழங்காலோடு அத்தனை படிகளையும் ஏறி வந்திருக்கிறார். கையில் பிரையனியின் வீட்டுச் சாவி.

"வகுப்புலயே போட்டுட்டு வந்துட்ட கண்ணு. ராத்திரி பூரா வாசல்லதான் உக்காந்திருப்ப."

பட்டை உன்னுடையதுதானே என்று கிளெனிஸ் ஒரு வார்த்தை கேட்டால் போதும், எல்லாம் முடிந்தது என்று பிரையனி காத்திருந்தாள். கிளெனிஸ் பட்டையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா, என்னுதுதான்," என்றார். "குடு, நானே தைச்சுக்கறேன். உனக்கு எதுக்குச் சிரமம்."

பிரையனியின் விரல்களுக்கு முடிச்சு பிடிபடவில்லை. கட்டிவிட்ட கைகளே வந்து அவிழ்த்தன, சாவியையும் அவள் கையில் வைத்தன.

"நல்ல இடம்தான். காத்துதான் கொஞ்சம் அதிகம்," என்று டெஸ்மண்டிடம் சொல்லிவிட்டு கிளெனிஸ் ஒவ்வொரு படியாக இறங்கினார். காசுச் சத்தம் அடிவரை கேட்டது. கைபிடித்து இறக்கிவிடக்கூட பிரையனி போகவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன்பிறகு அவள் மணி ஒருமுறைகூடத் தப்பவில்லை.

"இன்னைக்கு நல்லா அடிச்சம்மா," என்று போகும்போது டெஸ்மண்ட் பாராட்டினார்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து எழுதிய அந்த ஒற்றை வரியை மறுபடி பார்த்தாள். மறதியை யாரும் மன்னிப்பார்கள். அதனால்தான் அதை எழுதியிருக்கிறாள். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள்.

இன்றைய தவறு: பட்டை என்னுடையது. இல்லை என்று சொன்னேன். கிளெனிஸைச் சொல்லிச் சிரிக்கவைத்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசி வாக்கியத்தையும் அடித்துவிடலாமா என்று தோன்றியது. விட்டுவிட்டாள். ஒரு வரி தள்ளி எழுதினாள்.

நாளை: காலையில் டெஸ்மண்டும் ரோஸலிண்டும் மணிகளுக்கு எண்ணெய் போட வருவார்கள். மேலே ஏறிப் போய், பட்டை என்னுடையது என்று இருவரிடமும் சொல்ல வேண்டும். பிறகு கம்பளிக்கடைக்குப் போய், அங்கே யார் நின்றாலும் சரி, மன்னிப்புக் கேட்டு, என் பட்டையைத் தரும்படி கேட்க வேண்டும்.