ஆறாவது வளைவு வரைக்கும்

சனிக்கிழமை மத்தியானம், மலையடிவாரத்தில் நாலு பேர் பார்க்க, சசிரேகாவின் டிரைவர் சீட்டு அவள் கையை விட்டுப் போக இருந்தது.

"நாளைக்கு நான் ஓட்டறேன் சசி. தப்பா எடுத்துக்காத. கீழ கூட்டத்தப் பாத்ததும் உனக்குப் பதட்டமாயிருது" என்றான் கிறிஸ்டோ.

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்? மலை உச்சியில், ஒண்டிக்கடைக்குப் பின்னால் மரியதாஸின் ஜீப் பட்டறையில், பத்து மாதம் மூன்று பேரும் கையெல்லாம் கிரீஸாகக் கட்டிய பழைய மாருதி அது. கிறிஸ்டோவும் மரியதாஸும் சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராகப் பட்டறைக்கு வருவார்கள். வெள்ளக்கடை எஸ்டேட்டில் காப்பிப் பழம் உரிக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் சசிரேகா, அவர்களுக்கு முன்னாலேயே வந்து கார்பரேட்டரைக் கழற்றிப் போட்டிருப்பாள். யார் ஓட்டுவது என்று போட்டி வைத்தபோது இரண்டு ஆண்களையும் தோற்கடித்துத்தான் அந்த சீட்டில் உட்கார்ந்தாள். யாரும் பாவம் பார்த்துக் கொடுத்ததல்ல.

மலையேறும் கார்ப் போட்டி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. எஸ்டேட்டின் சொந்த ரோட்டில், அடிவாரத்திலிருந்து உச்சி வரை பதினெட்டு வளைவு. ஒவ்வொரு வண்டியாக ஏற வேண்டும். யார் குறைந்த நேரத்தில் ஏறுகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. நாளைக்குத்தான் அது. இன்று ஒத்திகை. சசிரேகா காலையிலிருந்து இரண்டு முறை ஏறிவிட்டாள். இரண்டு முறையும் ஒரே கதை. ஆறாவது வளைவு வரைக்கும் வண்டி முக்கியது, இருமியது, ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தப் பின்வாங்கியது. அதற்கு மேல் என்னமோ பேய் இறங்கியதுபோல் பறந்தது. மேல் பன்னிரண்டு வளைவில் அவள் நேரத்தை யாராலும் தொட முடியவில்லை. கீழ் ஆறு வளைவில் கடைசி ஆளே அவள்தான்.

"ஏனுங்கண்ணா, கீழ ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மண்ணுங்க. வுழுந்தாலும் வரப்புலதான் வுழுவேன். மேல பதிமூணாவது வளைவுல எட்டிப் பாத்தா அடி தெரியாது. பயந்தவ எங்கீங்க பயப்படோணும்?"

கிறிஸ்டோ சிரித்து மழுப்பினான்.

மரியதாஸ் நடுவில் வந்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துணியில் பிடித்துக் காட்டினார். நல்ல எஞ்சினில் அதன் முனை இளவறுப்புக் காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்க வேண்டும். இது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"பெட்ரோல் பத்தாம வேகுது கண்ணு. இப்படியே ஓட்டுனா பிஸ்டன்ல ஓட்டை வுழுந்துரும்" என்றார்.

"எங்கயாச்சும் காத்து இழுக்குதுங்களா?"

இணைப்புகளில் எல்லாம் ஸ்பிரே அடித்துப் பார்த்தார். ஓட்டை இருந்தால் எஞ்சின் சத்தம் மாறும். மாறவில்லை.

"பெட்ரோல் பம்பா இருக்கும்" என்றார் மரியதாஸ்.

"பம்பா இருந்தா ஏற ஏறத்தானுங்க திணறும்? இது ஏற ஏற நல்லாவல்ல ஓடுது!"

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. பெட்ரோலை அளந்து விடும் ஜெட். அந்தப் பித்தளைத் துண்டை மூன்று வாரத்துக்கு முன் மாற்றியது சசிரேகாவேதான். வண்டி கரும்புகை கக்குகிறது என்று, ஓட்டை சின்னதாக உள்ள ஜெட்டைப் போட்டாள். பட்டறையில் புகை நின்றது, பிளக்கும் காப்பி நிறத்துக்கு வந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கதவுப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். சற்று முன் உச்சியில் பாதி குடித்துவிட்டு, மூடியை இறுக்கித் திருகி வைத்த பாட்டில். இப்போது அது இடுப்பு ஒடுங்கி, யாரோ கையால் நசுக்கியதுபோல் கிடந்தது. யாரும் தொடவில்லை. கீழே இறங்கியதும் அடிவாரத்தின் கனமான காற்று அதை அமுக்கிவிட்டது.

சசிரேகாவுக்குத் தன்னையே ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போல் இருந்தது.

மூன்று பேரும் மலையிலேயே பிறந்தவர்கள். மேலே இருக்கிற காற்றுதான் காற்று என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். உச்சியின் மெல்லிய காற்றுக்குப் பெட்ரோலைக் குறைத்து அளந்துவிட்டு, அடிவாரத்தில் கிளம்ப வேண்டிய வண்டியை மேலேயே வைத்துச் சீராட்டியிருக்கிறார்கள். கீழே இருக்கிற சேலத்துக்காரன் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டான்.

கார்பரேட்டர் பழசு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். இரண்டு பேரும் நம்பியிருப்பார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"தப்பு என்னுதுங்க" என்று பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். "மேல காத்து மெலிசு, கீழ கனம். மேல அளந்த பெட்ரோலு கீழ பத்தல. சின்ன ஜெட்டப் போட்டது நானு."

கிறிஸ்டோவின் முகம் மலர்ந்தது. "அப்ப முடிஞ்சுது. கடைசி ஒத்திகைய நான் ஓட்டறேன், எறங்கு."

"எறங்க மாட்டனுங்க."

பெல்ட்டை மாட்டினாள். "சோக்க இழுத்தாப் பெட்ரோலு சேத்திப் போகும், அப்படியே ஏறப் போறேன். பெட்ரோலு பத்தாதது நெசம்னா சோக்குல வண்டி எந்திரிக்கும். பதட்டமா இருந்தா, சோக்க இழுத்தாப் போயிருமாக்கும்?"

கொடி இறங்கியது. இடது கை சோக் குமிழில், பாதி வெளியே. அழுத்தினாள். வண்டி இருமவில்லை! முதல் வளைவில் சக்கரம் மண்ணை வாரி அடித்தது. இரண்டாவது வளைவைத் தாண்டியதும் எஞ்சின் சத்தம் லேசாகத் தடித்தது. குமிழை ஒரு விரல் உள்ளே தள்ளினாள். மூன்றில் இன்னும் ஒரு விரல். ஐந்தில் கொஞ்சம் முந்தித் தள்ளிவிட்டாள், வண்டி ஒரு நொடி திணறியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வெளியே இழுத்தாள். ஆறைத் தாண்டியதும் முழுசாக உள்ளே. அதற்கு மேல் அவளுக்குத் தெரிந்த காற்று.

உச்சியில் கடிகாரத்தோடு நின்ற ரூபி, கிறிஸ்டோவின் தங்கை, எண்ணைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தை உதறிப் பார்த்தாள். காலையைவிடப் பதினோரு நொடி குறைவு. இன்று ஏறிய எந்த வண்டியும் அந்த நேரத்தின் பக்கம்கூட வரவில்லை.

பின்னாலேயே மரியதாஸோடு ஜீப்பில் வந்து சேர்ந்த கிறிஸ்டோ எண்ணைக் கேட்டான். பிறகு, "நல்லதாப் போச்சு. பட்டறையில பெரிய ஜெட்டு கெடக்குது. அதப் போட்டுட்டா யாரு ஓட்டுனாலும் ஓடும்" என்றான்.

"அதப் போட்டா மேல கரும்புகைதானுங்க. இதே ஜெட்டோட, சோக்கோடதான் நாளைக்கும் ஏறோணும். எந்த வளைவுல எத்தன விரலு தள்ளோணும்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

கிறிஸ்டோ மரியதாஸைப் பார்த்தான். அவர் வண்டியைப் பார்த்தார்.

"தப்புப் பண்ணுனதும் நாந்தானுங்க, கண்டுபுடிச்சதும் நாந்தானுங்க. பதட்டம்னு சொன்னது மட்டும் நீங்க."

நாளைய பட்டியலோடு நின்றிருந்த ரூபி மெதுவாக, "அண்ணா, ஓட்டறவங்க பேரு என்னன்னு எழுதட்டும்?" என்று கேட்டாள்.

கிறிஸ்டோ வாயைத் திறப்பதற்குள் சசிரேகா பேனாவை வாங்கி, கிரீஸ் கையாலேயே, கட்டத்துக்கு வெளியே வழியும் அளவுக்குப் பெரிதாகத் தன் பெயரை எழுதினாள்.